ஆறு போட்ட ஓட்டு

ஆற்றுக்கு ஓட்டுரிமை கொடுத்துவிட்டார்கள். தண்ணீர் கொடுப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

சட்டம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரு கம்பெனி எந்த ஆற்றில் தண்ணீர் எடுக்கிறதோ, எந்த ஆற்றில் கழிவை விடுகிறதோ, அந்த ஆற்றுக்குத் தன் நிர்வாகக் குழுவில் ஓர் இடம் தர வேண்டும். இடம் என்றால் நிஜமாகவே இடம். நாற்காலி போட வேண்டும், எதிரே பெயர்ப்பலகை வைக்க வேண்டும், டீ வந்தால் அங்கேயும் ஒரு கப் வைக்க வேண்டும் என்று யாரோ ஓர் அதிகாரி ஆர்வக்கோளாறில் விதியாகவே எழுதிச் சேர்த்திருந்தார். தொரட்டியாறு சாய ஆலைகள் கூட்டமைப்பின் மீட்டிங் ஹாலில் மாதாமாதம் அந்த டீ ஆறிப்போய் ஏடு கட்டி நிற்கும்.

ஆற்றுக்கு மூளையும் கொடுத்தார்கள். கரை நெடுக முன்னூற்றுச் சொச்சம் கருவிகளை நட்டு, எண்பது வருஷத்து மழை அளவையும் அணைக்கட்டுப் பதிவேடுகளையும் ஒரு இயந்திரத்துக்குள் போட்டார்கள். அது ஆற்றின் சார்பில் யோசிக்கும். ஆனால் இயந்திரம் நேராக ஓட்டுப் போடக் கூடாது, ஒரு மனுஷர் எழுந்து நின்று வாய்விட்டுச் சொன்னால்தான் செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படிச் சொல்கிறவருக்கு அரசாங்கக் காகிதத்தில் நதிப் பேராளர் என்று பெயர். ஊர்க்காரர்கள் ‘ஆத்து வாய்’ என்றார்கள். எந்தப் பெயர் நிலைத்தது என்று சொல்லத் தேவையில்லை.

தொரட்டியாற்றின் வாய்க்கு இருபத்து மூன்று வயது. பெயர் மகிழினி. நகரத்துக் கல்லூரியில் எம்.பி.ஏ. கடைசிப் பருவம் படிக்கிறாள்; அதிலும் சுற்றுச்சூழல் நிலைத்தன்மை என்ற பிரிவு. பேராளர் வேலை அந்தப் படிப்பில் ஒரு கட்டாயப் பயிற்சி. அவள் அந்தப் பிரிவில் சேர்ந்தபோது ஊரில் கேட்காத கேள்வி இல்லை. மரம் நடுவதற்கு எதற்கு எம்.பி.ஏ. என்றார் ஒருவர். கம்பெனிக்காரனுக்குக் கணக்கு எழுதுகிற படிப்பா, அவனை எதிர்த்துக் கொடி பிடிக்கிற படிப்பா என்று கேட்டார் இன்னொருவர். இரண்டாவது கேள்விக்கு அவள் பேராசிரியர்களிடமே சரியான பதில் இல்லை.

மகிழினியிடம் இருந்தது. அவள் ஊர் ஊத்துப்பாறை, பதினான்கு சாய ஆலைகளின் பொதுக் குழாய் ஆற்றில் விழுகிற இடத்துக்கு ஆறு கிலோமீட்டர் கீழே இருக்கிறது. சுத்திகரிப்பு நிலையம் தண்ணீரிலிருந்து சாயத்தை எடுத்துவிடும், உப்பை எடுக்காது. பார்க்கக் கண்ணாடியாக இருக்கும் அந்தத் தண்ணீர் ஊறி ஊறிக் கிணறுகளுக்குள் போனது. முதலில் தென்னைகள் போயின. அப்புறம் ஆட்களின் சிறுநீரகங்கள். அவள் அம்மா சுகன்யா வாரத்துக்கு மூன்று நாள் பஸ் ஏறிப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறாள். அந்த பஸ்ஸில் ஊத்துப்பாறைக்காரர்கள் மட்டும் பதினோரு பேர். போன மாதம் அப்பா பூபதியின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டர், ஒன்று தண்ணீரை மாற்றுங்கள், இல்லை ஊரை மாற்றுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆலைக்காரர்களை எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்து பார்த்த ஊர்தான் அது. அவர்கள் கூடுகிற அறைக்குள்ளேயே போய் உட்கார ஒரு படிப்பு இருக்கிறது என்று தெரிந்ததும் மகிழினி கையில் இருந்த இஞ்சினியரிங் வேலையை விட்டுவிட்டு அதில் சேர்ந்தாள்.

இப்போது அந்த நாள் வந்திருந்தது. வியாழக்கிழமை கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம்: பொதுக் குழாயை நிரந்தரமாக மூடிவிட்டு, ஆலைகளைக் கடலோரத் தொழிற்பேட்டைக்கு மாற்றுவது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவளைப் பூபதி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே கேட்டார்.

“அப்ப நீ எந்திரிச்சு மூடுன்னு சொன்னா மூடிப்போடுவாங்களா கண்ணு?”

“நானாச் சொல்றது இல்லைங்கப்பா. ஆறு சொல்றத நான் அப்படியே சொல்லோணும். ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.”

“ரெண்டும் ஒண்ணுதான? ஆறு என்ன, குழாயத் தொறந்தே வெச்சிருன்னா சொல்லப்போவுது?”

வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சுகன்யா, “மத்தவங்க என்ன சொல்லுவாங்க?” என்றாள்.

“எட்டு டைரக்டருங்கம்மா. நாலு பேருக்குக் கடலோரத்துல இடம் கெடைச்சிருச்சு, மூடலாம்பாங்க. நாலு பேருக்குக் கெடைக்கல, அவங்க கூடாதும்பாங்க. ஆத்தோட ஓட்டுதான் முடிவு.”

“சமமா வந்து, ஆறும் ஒண்ணும் சொல்லலைன்னா?”

“அப்ப தலைவர் போடுவாரு. தங்கமுத்து.”

பூபதி கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். “பதினாலுல மூணு அவனோடது. அவன் போட்டு வெளங்கிரும்.”

“அதுக்குத்தான் ஆறு இருக்குங்கப்பா,” என்றாள் மகிழினி. சொன்னபோது அவளுக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. பூபதி உள்ளே போய், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டுகிற டி.டி.எஸ். மீட்டரை எடுத்துவந்து கிணற்றுத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். தினமும் காலை ஒரு தரம், மாலை ஒரு தரம் பார்த்துக் காலண்டரில் எழுதிவைப்பது அவர் பழக்கம். நாலாயிரத்து நூற்றி இருபது. ஐந்நூறுக்கு மேல் போனாலே குடிக்கலாகாது என்பார்கள். பஞ்சாயத்து லாரி வாரத்துக்கு வீட்டுக்கு நாலு குடம் நல்ல தண்ணீர் தருகிறது. மீதிக்கெல்லாம் இந்தக் கிணறுதான்.

புதன்கிழமை மத்தியானம் ஆற்றின் ஓட்டு வந்தது. கூட்டத்துக்கு இருபத்து நாலு மணி நேரம் முன்னால் பேராளருக்கு மட்டும் காட்டுவார்கள், படித்துப் பழகிக்கொள்வதற்காக. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மகிழினி திரையைத் திறந்தாள். நாலே வரி.

படித்தாள். ஏதோ பிசகு என்று நினைத்து மூடித் திறந்து மறுபடி படித்தாள். எழுந்து போய்த் துறைத்தலைவர் ஹேமலதாவின் அறைக்கதவைத் தட்டினாள்.

ஹேமலதா அந்தப் படிப்பைத் தொடங்கியவர். அங்கீகாரக் குழு அடுத்த மாதம் வரப்போகிறது என்று மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார். மகிழினி நீட்டிய திரையை நின்றபடியே படித்துவிட்டு உட்கார்ந்தார்.

“திறந்தே இருக்கட்டும்னு சொல்லுதா?”

“ஆமாங்க மேடம். எங்கயோ தப்பாயிருக்கு.”

“இரு, பார்க்கலாம்.” ஹேமலதா இயந்திரத்தின் காரணப் பட்டியலைத் திறந்தார். விரலால் தள்ளிக்கொண்டே போனவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். “தப்பு இல்லை மகி. இங்க பாரு. மேல் அணையில தண்ணி விட்டு நாலு வருஷம் ஆச்சு. மழை பாதியாக் குறைஞ்சுபோச்சு. இன்னிக்குத் தேதியில தொரட்டியாத்துல ஓடுற தண்ணியில நூத்துக்குத் தொண்ணூத்தோரு பங்கு அந்தக் குழாய்த் தண்ணிதான். குழாயை மூடினா நாப்பது நாள்ல ஆறு கட்டாந்தரை. அதுக்கு உசுரோட இருக்கணும். அதான்.”

“அந்தத் தண்ணி கெட்ட தண்ணிங்க மேடம்.”

“சட்டத்துல இருக்கிற அளவுக்குள்ளதானே இருக்கு? ரெண்டு வருஷம் முன்னாடி உப்புக்கான அளவைத் தளர்த்தினாங்கல்ல? சட்டம் சரின்னு சொன்னா ஆறு அதைப்பத்தி யோசிக்காது. அதுக்கு மேல அதுக்கு என்ன வேணும்னு விருப்பப் பத்திரத்துலதான் பார்க்கும்.”

விருப்பப் பத்திரம் எப்படி எழுதப்பட்டது என்று மகிழினிக்குத் தெரியும். ஆற்றுக்கு என்ன ஆசை இருக்கும் என்று எந்த இயந்திரத்துக்கும் தானாகத் தெரியாது. கரையில் இருக்கிற ஜனங்களிடம் கேட்டுத்தான் எழுதுவார்கள். தொரட்டியாற்றுக்கு அதை எழுதியது அவள் வகுப்பு. முதல் வருஷக் களப்பணி அதுதான். ஊர் ஊராக அலையாமல் எல்லோரையும் ஒரே நாளில் கரையிலேயே பிடிக்கலாம், ஆடிப்பெருக்கு அன்றைக்குப் போகலாம் என்று யோசனை சொன்னவள் மகிழினி. அதற்காகவே வகுப்பில் அவளைப் பாராட்டினார்கள். ஆயிரத்து நூற்றி நாற்பத்தாறு பேரிடம் ஒரே கேள்வி: ஆறு பேசினால் என்ன கேட்கும்?

அவள் பத்திரத்தைத் திறந்து பதில்களை வாசித்தாள். பெருகி வரணும். ரெண்டு கரையும் தொட்டுட்டு ஓடணும். நிக்காம ஓடணும். எந்தக் காலத்துலயும் வத்தக் கூடாது. பக்கம் பக்கமாக இதேதான். ஆடிப்பெருக்கு நாளில் கரையில் நிற்கிறவர்கள் வேறென்ன சொல்வார்கள்? மஞ்சளும் கருகமணியும் கையில் வைத்துக்கொண்டு, ஆற்றைத் தாயாக நினைத்துக் கும்பிடுகிற நேரத்தில், உன் உடம்பெல்லாம் விஷம் என்று யார் வாயைத் திறப்பார்கள்? நடுவில் ஓடைபோல் போன குழாய்த் தண்ணீரில் அன்றைக்கும் ஒருவர்கூடக் கால் வைக்கவில்லை. பஞ்சாயத்து லாரித் தண்ணீரில் ஷவர் போட்டு அதன் கீழ்தான் எல்லோரும் தலை நனைத்தார்கள். கேள்வித்தாளில் அதையெல்லாம் எழுத இடம் இல்லை.

சுகன்யா தந்த பதிலும் இருந்தது. அம்மா அன்றைக்கு, “இந்த உப்பு…” என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டது மகிழினிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. “வேண்டாம் கண்ணு, நல்ல நாளும் அதுவுமா. ஆத்தா நெறஞ்சு வரோணும்னு எழுதிக்க.” அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். சொன்னதை மட்டும் எழுத வேண்டும், நாமாக எதையும் சேர்க்கக் கூடாது என்பது ஆய்வு முறையில் முதல் பாடம்.

“பத்திரத்தைத் திருத்தலாங்களா மேடம்?”

“ஏழு வருஷத்துக்கு ஒரு தடவைதான் திறக்கும். ஆலைக்காரங்க கை வெச்சிடக் கூடாதுன்னு நாமதானே போராடி அந்த விதியைக் கொண்டுவந்தோம்?” ஹேமலதா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். “இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு.”

“நான் பேசாம நின்னுட்டா?”

“ரெண்டு நிமிஷம் பார்ப்பாங்க. அப்புறம் ஆறு ஓட்டுப் போடலைன்னு எழுதிட்டு, தலைவர் ஓட்டைக் கேட்பாங்க. தங்கமுத்து என்ன சொல்வார்னு உனக்கே தெரியும். குழாயும் திறந்தே இருக்கும், பேராளர் கடமை தவறினதுக்கு அந்த நாற்காலியையும் எடுத்துடுவாங்க. அஞ்சு வருஷம் கழிச்சுப் பத்திரத்தைத் திருத்தினா, பேச நாற்காலி வேணாமா? உன் டிகிரி போறது வேற விஷயம்.” டிகிரியோடு தான் தொடங்கிய படிப்புக்கான அங்கீகாரமும் போகும் என்பதை ஹேமலதா சொல்லவில்லை. சொல்லாமலே மகிழினிக்குப் புரிந்தது.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி வந்து அவள் ஆற்றிடமே கேட்டாள். பேராளர் கேட்கலாம், பதில் எழுத்தில் வரும்.

ஊத்துப்பாறையில் நாற்பத்து மூன்று பேருக்குச் சிறுநீரகம் பழுது, அது உனக்குத் தெரியுமா என்று தட்டினாள்.

‘தெரியும்.’

உன் தண்ணீரால்தான் என்று தெரியுமா?

‘தெரியும். அதற்காக வருந்துமாறு யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. வற்றக் கூடாது என்று எழுதித் தந்தார்கள். ஊத்துப்பாறையில் மட்டும் இருநூற்றுப் பத்துப் பேர் கேட்டார்கள்.’

அவர்கள் கேட்டது இந்தத் தண்ணீரை இல்லை.

‘என்னிடம் வேறு தண்ணீர் இல்லை.’

கோபப்படலாம் என்றால் யார்மேல் கோபப்படுவது? ஆறு பொய் சொல்லவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. கேட்டதைக் கொடுக்கப் பார்க்கிறது. திரையை மூடிவிட்டு மகிழினி மேஜையில் தலையை வைத்து அழுதாள். பக்கத்து மேஜையில் யாரோ மின்விசிறியைக் கூட்டி வைத்தார்கள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். தலைவர் தங்கமுத்துவுக்கு எழுபது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, வேட்டி, காதில் கேட்கும் கருவி. உள்ளே வந்தவளைப் பார்த்து, “வா அம்மிணி, உக்காரு. வெயில்ல வந்திருக்கே, மோரு கொண்டாரச் சொல்லட்டுமா?” என்று விசாரித்தார். ஆற்றின் நாற்காலிக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். பேராளர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. டீ வந்தது. ஆற்றுக்கும் ஒரு கப் வைத்தார்கள்.

தீர்மானத்தைச் செயலாளர் வாசித்தார். எதிர்பார்த்தபடியே நாலு கை மூடலாம் என்று தூக்கியது, நாலு கை வேண்டாம் என்று தூக்கியது. ஒருவரும் இன்னொருவர் முகத்தைப் பார்க்கவில்லை. வருஷக்கணக்காகச் சம்பந்தம் பண்ணிக்கொண்டு, ஒருவர் வீட்டு விசேஷத்தில் இன்னொருவர் பந்தி பரிமாறிய ஆட்கள்.

“தொரட்டியாறு,” என்றார் செயலாளர்.

மகிழினி எழுந்து நின்றாள். கண்ணெதிரே சுவரில் வினாடி ஓடத் தொடங்கியது. வாயைத் திறக்காமல் நின்றால் என்ன? நூற்றி இருபது வினாடி நின்றால் போதும், அந்த நாலு வரியைச் சொன்ன பாவம் தன்னைச் சேராது. ஆனால் குழாய் மூடாது. தங்கமுத்து கையைத் தூக்கித் திறந்து வைத்துவிடுவார். நாற்காலியும் போய், ஐந்து வருஷம் கழித்துப் பேச ஆளும் இல்லாமல், ஊத்துப்பாறைக்கு என்றென்றைக்கும் ஒன்றுமே இல்லாமல் போய்விடும். தன் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்காக அதைச் செய்யலாமா? முப்பது வினாடி போயிற்று. அறுபது. தங்கமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு லேசாக அசைந்ததுபோல் இருந்தது. அவசரப்படுத்துகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தொண்ணூறாவது வினாடியில் சொன்னாள்.

“குழாய் திறந்தே இருக்கட்டும். மழை வருவதில்லை. மேல் அணை திறப்பதில்லை. என்னிடம் இருக்கும் தண்ணீர் இதுதான்.”

குரல் பதிவுக் கருவி சொல்லுக்குச் சொல் ஒத்துப்பார்த்துவிட்டுப் பச்சை விளக்கைப் போட்டது. யாரும் கை தட்டவில்லை. ஜெயித்த நாலு பேருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவர் தண்ணீர் குடித்தார். செயலாளர் விதியை வாசித்தார்: ஆறு தன் நீரோட்டத்தைக் குறித்துச் சொன்ன முடிவு அடுத்த விருப்பப் பத்திரம் வரை எல்லோரையும் கட்டுப்படுத்தும், இன்றைக்கு விடும் அளவில் குறைக்க ஆலைகளுக்கு அனுமதி இல்லை.

வெளியே வராந்தாவில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளிடம் தங்கமுத்து வந்தார். தூணில் கையை ஊன்றி நின்றார்.

“நீ ஊத்துப்பாறை பூபதி புள்ளதான?”

“ஆமாங்க.”

“ஏன் அம்மிணி வாயத் தொறந்தே?”

மகிழினிக்குப் புரியவில்லை.

“ரெண்டு நிமிஷம் தாண்டட்டும்னு நான் சாமியக் கும்புட்டுட்டு உக்காந்திருந்தேன். தாண்டியிருந்தா எங்கிட்டத்தான வந்திருக்கும்?”

“வந்தா… நீங்க தொறந்து வெச்சிருப்பீங்க.”

“அப்படித்தான் ஊரே நெனைக்குது.” கேட்கும் கருவியைக் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், பதில் வேண்டாம் என்பதுபோல. “நாலுக்கு நாலுன்னு வரட்டும்னு ஒவ்வொருத்தனையும் தனித்தனியாப் பாத்துப் பேசினது நான்தான். ஆறு எப்படியும் மூடச் சொல்லும், நம்ம வாயால சொல்ல வேண்டாம், பழி ஆத்து மேல போகட்டும்னு இருந்தேன். நீ வாயத் தொறக்காம நின்னதும்தான் ஆறு மாத்திச் சொல்லிருச்சுன்னு தெரிஞ்சுச்சு. மூடினா பாதிப் பேரு எம் மூஞ்சியில முழிக்க மாட்டான், பாரு. எல்லாம் தாயாதி, பங்காளி. நாப்பத்து மூணு பேரு பட்டியல் எனக்கும் வந்துச்சு. அதுல பாதிப் பேரு எங்கிட்ட வேலை பாத்தவங்க.”

“நீங்க கையத் தூக்கியிருப்பீங்களா?” என்று மகிழினி கேட்டாள். அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் கேட்டாள். அவர் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

“தூக்கியிருப்பேன்னுதான் நெனைக்கறேன்,” என்றார். “இனிமே என்ன தெரியப்போவுது, போ.”

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தங்கமுத்து சொன்னதை மட்டும் சொல்லவில்லை. பூபதி கேட்டுவிட்டு, “ஆறே கைவிட்டுருச்சு, நீ என்ன பண்ணுவே?” என்றார். சுகன்யா, தன் பதிலை மகள் எப்படி எழுதிக்கொண்டாள் என்று கேட்கவே இல்லை. அது அவளுக்கு ஞாபகம் இருந்ததா என்பதும் தெரியவில்லை. மறுநாள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று சீக்கிரம் படுத்துக்கொண்டாள்.

தேர்வு வந்தது. மகிழினி முதல் வகுப்பில் தேறினாள். ஆற்றின் மனசறிந்து ஓட்டுச் சொன்ன பேராளர் என்று கல்லூரி இதழில் படம் போட்டார்கள். அங்கீகாரக் குழுவுக்கு ரொம்பத் திருப்தி. தொரட்டியாற்றுக்கு முழுநேரப் பேராளராக அவளையே நியமித்தார்கள். வேண்டாம் என்று சொல்லலாம்தான். அஞ்சு வருஷம் கழித்துப் பத்திரம் திறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே சரி என்றாள். அதுவரை அப்பாவின் உடம்பு தாங்க வேண்டும், அவ்வளவுதான் அவள் வேண்டிக்கொண்டது.

வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதம் பூபதி போன் பண்ணினார். குரலே வேறு மாதிரி இருந்தது.

“கண்ணு, மீட்டரு கெட்டுப்போச்சான்னு பாத்தேன். பக்கத்து வீட்டுதும் அதேதான் காட்டுது. நாலாயிரத்துக்குக் கீழ வந்திருச்சு. எட்டு வருஷத்துல மொத தடவை.”

மகிழினி ஆற்றின் ஓட்டக் கணக்கைத் திரையில் எடுத்துப் பார்த்தாள். ஒரு மாதமாகக் குழாயிலிருந்து வருகிற அளவு தினம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது. நூற்றுக்குப் பதினொன்று குறைவு. தங்கமுத்துவின் மூன்று ஆலைகளில் ஒன்று, மூன்றாம் எண் ஆலை, ‘பராமரிப்பு’ என்று நின்றிருந்தது. ஒருவரிடமும் சொல்லாமல், ஒரு கையும் தூக்காமல், அந்த மனிதர் செய்துகொண்டிருந்தார். அவள் திரையை மூடி வைத்தாள். அந்த வாரம் முழுக்க அதைத் திறக்கவில்லை.

அவள் திறக்காவிட்டால் என்ன, முன்னூற்றுச் சொச்சம் கருவிகள் இருக்கின்றன. வியாழக்கிழமை ஆறு எழுதியது.

‘என் நீர் குறைக்கப்படுகிறது. மூன்றாம் எண் ஆலை உடனே இயங்க வேண்டும். இல்லாவிட்டால் மாவட்ட நிர்வாகம் அதை எடுத்து நடத்த வேண்டும். நோட்டீஸ் இணைப்பில். பேராளர் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது.’

அவள் தங்கமுத்துவுக்குப் போன் போட்டாள். “கண்டுபிடிச்சிருச்சுங்க ஐயா.”

“இவ்வளவு நாள் விட்டதே பெருசு,” என்றார் அவர். “நீ கையெழுத்துப் போடாட்டி?”

“நாப்பத்தெட்டு மணி நேரம் பாக்குங்க. அப்புறம் பயிற்சிக்கு வந்திருக்கிற பொண்ணுக்குப் போயிரும்.”

“அந்தப் பொண்ணு உனக்குத் தெரிஞ்ச புள்ளையா?”

“முதல் வருஷங்க. சஹானான்னு பேரு. நேத்துத்தான் சேர்ந்தா.”

“சொல்லிப் பாக்கலாமில்ல?”

சொல்லிப் பார்க்கலாம். ஆனால் ஆற்றுக்கு எதிராகப் பேராளர் யாரையாவது தூண்டினார் என்று தெரிந்தால் நாற்காலி போய்விடும். அவர்தான் முதலில் போனை வைத்தார்.

மகிழினி கையெழுத்துப் போடவில்லை. வெள்ளிக்கிழமை போயிற்று. சனிக்கிழமை காலை வேறு வேலை பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் நாலு மணிக்குக் கெடு முடிந்தது. நாலு மணி ஒரு நிமிஷத்துக்கு போனில் செய்தி வந்தது. சஹானா அனுப்பியிருந்தாள்.

‘அக்கா, ஆறு ரெண்டு நாளா வெயிட் பண்ணிட்டு இருந்துச்சு. நீங்க பிஸின்னு நெனச்சு நானே நோட்டீஸ்ல சைன் பண்ணி அனுப்பிட்டேன். சரிதானே? எனக்கு இதுதான் ஃபர்ஸ்ட் கையெழுத்து. தண்ணி நிக்காம பாத்துக்கிட்டோம்ல, ரொம்ப சந்தோஷமா இருக்கு.’

அவள் பதில் எழுத வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே பூபதி கூப்பிட்டார். மாலை மீட்டர் பார்த்து முடித்த நேரம்.

“மூவாயிரத்து எண்ணூத்தி அறுவது கண்ணு,” என்றார். “உங்கம்மா ஒரு வாய் குடிச்சுப் பாத்தா. பழைய ருசி எட்டிப் பாக்குதுங்கறா. ஆறு மனசு மாறிருச்சு போல. நீதான் ஏதோ பேசியிருக்கே.”

“இல்லைங்கப்பா,” என்றாள் மகிழினி. “நான் எதுவும் பேசலைங்க.”